குச்சி தப்பாது

குன்னூரில் மழைக்காலத்தில் ஒரு ரவிக்கைத் துணி காய மூன்று நாள் ஆகும். தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. துணியை நனைத்து, சுருங்கவிட்டு, காயவைத்து, அப்புறம்தான் கத்தரி வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் முதல் சலவையிலேயே அக்குளில் பிடித்துக்கொள்ளும். நான் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை. சில்வஸ்டர் அண்ணன் விஷயத்திலும் எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

கொர்னேலியஸ் அண்ணன் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். தந்துவிட்டேன், ஒரு பக்கம். இது அதைவிடக் கொஞ்சம் நீளம். இதை யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை. பெட்போர்டு கடைவீதிக்குக் கீழே இறங்கும் படிக்கட்டில் என் தையல் கடை இருக்கிறது. யார் வீட்டில் என்ன என்று தெரியவேண்டுமானால் ஜனங்கள் கோவிலுக்கோ சர்ச்சுக்கோ போவதில்லை. ஒரு ஊக்கு தைக்க வேண்டுமென்று என்னிடம் வருவார்கள். முழுசாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள்.

என் கடைக்கு அடுத்த சுவர், முன்பு உருளைக்கிழங்கு மூட்டை போட்டுவைத்த அறை. அதைக் கொர்னேலியஸ் அண்ணன் வாடகைக்கு எடுத்தார். இருபது வருஷம் பயணிகள் கப்பலில் பியானோ வாசித்தவர். கியூபாக்காரர்களோடு மேடையில் உட்கார்ந்து அவர்களுடைய ஆட்டப் பாட்டையெல்லாம் கற்றுக்கொண்டு, சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பினார். இங்கே ஓட்டல்களுக்குப் பெங்களூரிலிருந்து சல்சா ஆட்டம் கற்ற ஜோடிகள் வருகிறார்கள், அவர்கள் ஆட யாராவது நேரில் வாசிக்க வேண்டும் என்று கண்டுபிடித்து ஒரு குழு சேர்த்தார். கொங்கா மேளத்துக்குப் பொன்ராஜ். பகலில் அவன் வர்க்கி சுடும் பேக்கரியில் மாவு பிசைகிறவன். கைக்கு இரண்டு வேலையும் ஒன்றுதான் என்பான். பேஸ் கிடாருக்குச் சில்வஸ்டர் அண்ணன். பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், என் வீட்டுக்கு எதிர்வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு ஓட்டல் புல்வெளியில் வாசிப்பார்கள்.

நான் அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். கைக்குச் சுருக்கு வைத்த சட்டை. பொன்ராஜுக்குப் போட்டால் கல்யாண வீட்டு மேசைவிரிப்பு நடந்து வருகிற மாதிரி இருக்கும். ஒருநாள், குழுவில் தாளத்துக்குக் குச்சி தட்டிக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கொர்னேலியஸ் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, நான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து இரண்டு குச்சியையும் எடுத்துத் தட்டிக் காட்டினேன். ஒரு வருஷம் சுவர் வழியாகக் கேட்டவளுக்கு அது வராமல் இருக்குமா? அவர் என்னைப் பார்த்த பார்வையில், ‘இவள் இன்னும் என்னவெல்லாம் கேட்டிருப்பாளோ’ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

அந்தக் குச்சிக்குக் கிளாவே என்று பெயர். தட்டுகிற கணக்குக்கும் அதே பெயர்தான். மொத்தம் ஐந்து தட்டு. முதலில் மூன்று, தள்ளித் தள்ளி. பிறகு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். டக்... டக்... டக். டக் டக். பாட்டு முடியும்வரை இதுவே, மாறாமல். மூன்று ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம். சில பாட்டு மூன்றில் தொடங்கும், சில பாட்டு இரண்டில். தொடங்கியபின் மாறக்கூடாது. ரவிக்கைக்கு முன்பக்கம் பின்பக்கம் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் துணி அதேதான், தையல் அதேதான், ஆனால் ஒரு நிமிஷம் உட்கார முடியாது. எல்லா வாத்தியமும் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்து வாசிக்க வேண்டும். தெரியாமல் வாசித்தால் அதைக் ‘குறுக்கே போவது’ என்பார் கொர்னேலியஸ் அண்ணன். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாவம் பைபிளிலேயே இல்லை.

அதற்காக ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“கப்பல்ல கேப்டன், மேடையில குச்சி. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் குச்சியக் கேளுங்க. நான் தப்புவேன், நீங்க தப்புவீங்க. குச்சி தப்பாது.”

பதினொரு வருஷம் நான் தப்பவில்லை. பதினொரு வருஷம் ஐந்தே தட்டு.

சில்வஸ்டர் அண்ணன் அப்படியில்லை. பேஸ் என்றால் நான்கு தடித்த கம்பி, தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம். அவர் ஒரு சுற்று வாசித்ததை அடுத்த சுற்று வாசிக்க மாட்டார். மூன்று பக்கம் வரும்போது என் மூன்று தட்டோடும் சேர்ந்து விழுவார். அடுத்த முறை நடுத்தட்டை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை எனக்கு விட்டுவிடுவார். இரண்டு பக்கம் வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, கடைசி நொடியில் அடுத்து வரப்போகிற சுரத்தை முன்கூட்டியே எட்டிப் பிடிப்பார். எங்கே போனாலும் குறுக்கே போகமாட்டார். ஆடுகிறவர்கள் கால், அவர் அடிக்காமல் விட்ட இடத்தில் வந்து விழும். பாட்டு முடிந்ததும் பெங்களூர்க்காரிகள் நேராக அவரிடம் வந்து கை குலுக்குவார்கள். ஒருத்தி போகிற போக்கில் காலி காப்பிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைக் கொண்டுபோய் வைக்கவும் வைத்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா.

விஷயம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால், அது போன வருஷத்துக்கு முந்தைய வைகாசியில் நடந்தது. முகூர்த்த வேலை குவிந்து கிடந்தது.

“அடுத்த சனிக்கிழமை நான் வர்றது சந்தேகந்தானுங்கண்ணா” என்றேன்.

“அதுக்கென்ன உமா,” என்று சில்வஸ்டர் அண்ணன் தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். போன் தட்டியது. டக்... டக்... டக். டக் டக். “பாரு, இதுக்குள்ளயே கெடக்குது. வேகம் கூட மாத்திக்கலாம். டீ கேக்காது, புரளி பேசாது.”

“புரளி பேசாத குச்சியா? அப்புறம் ஊர்ச் சேதி நமக்கு யாருங்கண்ணா சொல்லுவா?” என்று பொன்ராஜ் கொங்காமேல் கவிழ்ந்து சிரித்தான். கொர்னேலியஸ் அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். சில்வஸ்டர் அண்ணன் உடனே, “சும்மா சொன்னேம்மா, நீ இல்லாம எனக்குக் கையே ஓடாது” என்று எழுந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார், சர்க்கரை கம்மியாக. நல்ல மனிதர். நல்லவர்களுக்கு ஒரு வசதி, தாங்கள் சொன்னது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவளாக இருந்தால் அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டு முடித்திருப்பேன். எனக்கு வந்தது ஒரு யோசனை, அவ்வளவுதான். இந்த மனிதர் இப்படி இஷ்டத்துக்கு ஓடியாடுகிறாரே, நான் அசையாமல் நிற்கிறேன் என்ற தைரியத்தில்தானே? நான் ஒரு அடி நகர்ந்தால் என்ன ஆவார்? எந்த வீட்டில் கதவு பாதி திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்கிற சுபாவம் எனக்கு. இதுவும் அந்த மாதிரிதான்.

ஜூன் மூன்றாவது சனிக்கிழமை. பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு. எல்லா வாத்தியமும் நின்றுவிடும், குச்சி மட்டும் தட்டிக்கொண்டிருக்கும், ஆடுகிறவர்கள் சுற்றி நிற்பார்கள். பிறகு கொர்னேலியஸ் அண்ணன் தலையை ஆட்டுவார், எல்லாரும் சேர்ந்து உள்ளே வருவார்கள். அந்த இடத்தில், இரண்டு பக்கத்தை ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை தட்டினேன். டக் டக். டக் டக். பிறகு வழக்கம்போல மூன்று. அவ்வளவுதான் செய்தது. முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது.

கொர்னேலியஸ் அண்ணன் சட்டம் போட்டவர், குச்சியைக் கேட்டு உள்ளே வந்தார். பொன்ராஜும் அப்படியே. சில்வஸ்டர் அண்ணன் மட்டும் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக என் தட்டு அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் உடம்பு சொன்ன பக்கத்தில் வந்தார். சரியான பக்கம் அதுதான். ஆனால் மேடையில் மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒருவர் மறுபக்கம். ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி கால் இடறி நின்றது.

முடிந்ததும் கொர்னேலியஸ் அண்ணன், “சில்வஸ்டர், குறுக்க போயிட்ட” என்றார்.

“இல்லீங்களேண்ணா. நான் சரியாத்தான...”

“குச்சியக் கேட்டியா?”

சில்வஸ்டர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா உமா, நான் குறுக்கயா வந்தேன்?”

“கொஞ்சம்ங்கண்ணா. பரவாயில்லீங்க” என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் குறுக்கேதான் இருந்தார்.

அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் செய்தேன். பிறகு ஒரு மாதம் சும்மா இருந்தேன். தினமும் பெய்கிற மழைக்கு ஜனங்கள் குடை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர் குடை எடுக்காமல் வருகிற நாளாகப் பார்த்தேன்.

ஆவணி வாக்கில் அவர் பயந்துபோய் வெறுமனே வாசிக்க ஆரம்பித்தார். ஒரே இரண்டு சுரம், எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி. இதில் எனக்கு ஒரு சங்கடம். அப்படி வாசித்தால் எந்தப் பக்கம் என்ற கேள்வியே வராது. பக்கம் பார்த்து வகைவகையாக வாசிக்கிறவனைத்தான் குறுக்கே தள்ள முடியும். ஓடாதவனை எப்படி இடறிவிடுவது? ஆகவே ஒருநாள் வீட்டு வாசலில் வைத்து, “அண்ணா, இப்படி வாசிக்காதீங்க. கேக்கறப்ப எனக்கே அழுகையா வருதுங்க. பழைய மாதிரி வாசிங்கண்ணா, நான் இருக்கறனல்ல” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அந்தச் சனிக்கிழமை பழையபடி வாசித்தார். இன்னும் சொல்லப்போனால் பழையதைவிட நன்றாக வாசித்தார், ஒவ்வொரு சுற்றும் புதுசாக. நடுவில் எல்லாம் நின்ற இடத்தில் நான் இரண்டை இரண்டு முறை தட்டினேன்.

அன்றைக்குத்தான் கொர்னேலியஸ் அண்ணன் ஓட்டல்காரர்கள் முன்னால் அவரை, “காது இருக்குதா, வித்துட்டயா?” என்று கேட்டது.

சில்வஸ்டர் அண்ணனுடைய அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது விளங்காது. அவர் ஒரு எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதில் மறதி வந்தது. முதலில் பேர் மறந்தது, பிறகு வழி, கடைசியில் பனியில் சட்டையில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று, ‘ஆபீசுக்கு நேரமாச்சு’ என்று அழுதார். ஒன்பது வருஷம் அப்படியே கிடந்து போனார். சில்வஸ்டர் அண்ணன்தான் துடைத்து விட்டார். இது பரம்பரையாக வருமோ என்று ஜெனிஸிடம் அவர் கேட்டதை நான் ஒருமுறை காதால் கேட்டேன். ஜெனிஸ் அவர் மனைவி, எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். “சும்மா இருங்க, உங்களுக்கெல்லாம் வராது” என்றாள். எதிர்வீட்டில் பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மெல்லப் பேசலாம். சில்வஸ்டர் அண்ணனுக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று.

ஆகவே நான் மறதி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒருநாள் ரவிக்கை வாங்க வந்த ஒருத்தியிடம், “பாவம் சில்வஸ்டர் அண்ணன், கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கறாருங்க” என்று மட்டும் சொன்னேன்.

“ஏனுங்கக்கா, என்ன மாதிரி?”

“அவிங்கப்பா ஞாபகம் வருதுங்க, அவ்வளவுதான். நீங்க யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

அவளுடைய பையன் அவர் வேனில் போகிறவன். குன்னூரில் ஒரு செய்தி மலைரயிலைவிட வேகமாகப் போகும். அது பெரிய சாதனை இல்லை என்பதும் உண்மைதான். பத்து நாளில் மூன்று தாய்மார்கள் பிள்ளைகளை ஆட்டோவுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. அவராகவே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “பதினேழு கொண்டை ஊசி வளைவு இருக்குதும்மா. மேடையில குறுக்க போனா பாட்டுத்தான் கெடும். பசங்க உசுரு” என்றார் என்னிடம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

பிறகு அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அட்டையில் ஒரு மயில் படம்.

“உமா, நீ குச்சி மாதிரி. ஒனக்குத் தப்பாது. நான் எங்கெங்க தப்பறன்னு தேதி போட்டு எழுதி வெய்யி. ஜெனிஸ்கிட்ட சொன்னா அவ மறைச்சிருவா. நீதான் உள்ளது உள்ளபடி எழுதுவ.”

அவர் கேட்டார், நான் எழுதினேன். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவர் சாதாரணமாக எதையும் மறக்கிற ஆள் இல்லை. பக்கம் பக்கமாக வெள்ளையாகக் கிடந்தால் அவருக்குத்தான் என்ன பிரயோஜனம்? ஜெனிஸ் வேலைக்குப் போகும்போது அவர்கள் வீட்டு இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கும், பல வருஷப் பழக்கம். அதனால் ஆணியில் மாட்டியிருந்த பீரோச் சாவி அரிசி டப்பாவுக்குள் போனது. மூக்குக் கண்ணாடி பிரிட்ஜுக்குள் போனது. புதன்கிழமை என்று அவர் சொன்னால், “வியாழனுங்கண்ணா” என்பேன். நாட்காட்டியைப் பார்க்கப் போவார். அதில் ஒரு தாளை முன்கூட்டியே கிழித்திருப்பேன். அப்போதெல்லாம் அவர் போனைப் பார்ப்பதில்லை. பார்க்கப் பயம். தப்பு தன் பக்கம்தான் என்று தெரிந்தபின் எதற்குப் பார்ப்பது?

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஆரம்பத்தில் தெரியாமலும் இருக்கும், கூட இருக்கிறவர்கள் சொல்வதுதான் முக்கியம் என்றாராம். ஜெனிஸ் மயில் நோட்டைக் கொடுத்தாள். நாற்பத்தொரு குறிப்பு இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும், அளவு எழுதி எழுதிப் பழகிய கை. டாக்டர் அதைப் படித்துவிட்டு மாத்திரை எழுதினார். அதில் ஒன்று சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கம். தூங்கி எழுந்தவர் நிஜமாகவே என்ன கிழமை என்று கேட்பார். அதற்கப்புறம் எனக்கு வேலை குறைந்துவிட்டது.

அப்போதும் ஜெனிஸ் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்கப்பன நான் தொடச்ச மாதிரி நீ என்னைத் தொடைக்க வேண்டாம்” என்பார். இரண்டு பேரும் இப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். ஒரு முடிவு வேண்டுமே. கேஸ் அடுப்புக் குமிழைத் திறந்து வைத்தது ஒரே ஒரு தடவைதான். அவர் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார், ஆனால் சமையலறை ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஜெனிஸ் வருகிற நேரமும் ஆகியிருந்தது. அவள் அன்றைக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது என் தப்பில்லை. வந்தவள் கதவைத் திறந்து, அவரைத் தோளில் போட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது, ஓடிப்போய் முதலில் தண்ணீர் கொடுத்தவள் நான்.

“உமாக்கா, நான் என்ன பண்ணுவேன்” என்று ஜெனிஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள். சில்வஸ்டர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் அடுப்புப் பக்கம் போன ஞாபகமே இல்லை” என்றார். பிறகு, “ஞாபகம் இல்லைங்கறதுதான வியாதியே” என்றார். நாற்பத்திரண்டாவது குறிப்பு.

அடுத்த வாரம் கோத்தகிரி போகிற வழியில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். அவராகவே கையெழுத்துப் போட்டார். பேஸ் கிடாரைக் கொர்னேலியஸ் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜெனிஸ் இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். அவளுடைய ரவிக்கை எல்லாவற்றையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

அவர் இடத்துக்கு வெல்லிங்டனிலிருந்து ரமேஷ்குமார் என்றொரு பையன் வந்தான். நல்ல பையன். எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி வாசிப்பான், சுவர்க்கடிகாரம் மாதிரி. கொர்னேலியஸ் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சில்வஸ்டர் எப்படி வாசிப்பான் என்று அவனுக்குக் காட்டுவதற்காக, ஓட்டல் விருந்தாளிகள் போனில் எடுத்துப் போட்ட பழைய வீடியோக்களைத் தேடிச் சேர்த்தார். காட்டுவதற்கு முன்னால் அவரே உட்கார்ந்து கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

“மெஷினை நிறுத்து உமா.”

நிறுத்தினேன்.

“ரெண்டை ரெண்டு தரம் தட்டியிருக்கற.”

“கை தவறியிருக்குங்கண்ணா.”

“ஒரு தரம் தவறும். ஏழு வீடியோல ஏழு தரமும் அதே எடத்துலயா?” அவர் குரல் உயரவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். “அவன் ஒரு தரம்கூடக் குறுக்க போகல. ஏழு வீடியோலயும் சரியா நிக்கறான். நாந்தான் குறுக்க போயிருக்கறேன். அவனைக் காதை வித்துட்டயான்னு கேட்டேன் உமா, நாலு பேரு முன்னாடி.”

நான் பாவாடை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர்களே மிச்சத்தைப் பேசிவிடுவார்கள். கடையில் கற்றது.

“நீ எழுதிக் குடு. அவன் ஆரம்பத்துல பயந்தது இதனாலதான், வேற ஒண்ணும் இல்லைன்னு. அதை வெச்சு ஜெனிஸ் டாக்டர்கிட்டப் பேசட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம். வீட்டுக்குக் கூட்டியாந்துரலாம்.” எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். “முதல்ல அவனுக்குத் தெரியணும். அவன் நம்பினா மீதியெல்லாம் நடக்கும். நீ போய் உன் வாயால சொல்லு. எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கற தெம்பு இல்லை.”

சாவி, கண்ணாடி, நாட்காட்டி, அடுப்பு எதுவும் அவருக்குத் தெரியாது. குச்சி மட்டும்தான் தெரியும். ஒரு பக்கத்தில் குச்சியைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்தேன். ‘வேலைக் களைப்பில் கவனக்குறைவாக’ என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நீ பார்த்துட்டு வா. அவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு ஜெனிஸ்கிட்ட இதைக் குடுக்கறேன்” என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டேன். எல்லா ஞாயிறும் நான் போகிறவள்தான். ஜெனிஸுக்கே சில ஞாயிறு டியூட்டி வந்துவிடும். இந்தமுறை பையில் குச்சியையும் போட்டுக்கொண்டேன். சொல்லத்தான் போனேன், அதில் சந்தேகம் வேண்டாம். பஸ்ஸில் எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வராந்தாவில் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். மடியில் கம்பளி.

“உமா, வாம்மா. இன்னைக்கு ஞாயிறுதான? நீ வந்திருக்கற, அப்ப ஞாயிறுதான்.”

“ஞாயிறுதானுங்கண்ணா.”

பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை எடுத்து மெல்லத் தட்டினேன். சரியாக. டக்... டக்... டக். டக் டக். இரண்டு மூன்று சுற்று அவர் சும்மா இருந்தார். பிறகு கம்பளிமேல் அவர் விரல் அசைந்தது. முதலில் அந்த வெறும் இரண்டு சுரம். பிறகு நடுத்தட்டில் என்னோடு வந்து சேர்ந்தார். பிறகு ஒதுங்கினார். பிறகு முன்கூட்டியே எட்டிப் பிடித்தார். ஒவ்வொரு சுற்றும் வேறு வேறு, ஒன்றுகூடக் குறுக்கே இல்லை. கிடார் இல்லை, சத்தம் இல்லை, ஆனால் எனக்கு அத்தனையும் கேட்டது. அந்த மாத்திரைக்கு அடியில் எல்லாம் அப்படியே இருந்தது. அந்த வழியே வந்த சிஸ்டர் ஒருத்தி நின்று பார்த்து, “அங்கிள் சூப்பர்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவரிடம்தான் சொன்னாள்.

சில்வஸ்டர் அண்ணன் முகம் சின்னப் பிள்ளை மாதிரி விரிந்தது. “உமா, இன்னைக்குச் சரியா வருதும்மா. எனக்கு ஒண்ணும் இல்லையோ?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கும் தெரிந்தது.

டக் டக். டக் டக்.

அவர் விரல் இரண்டு சுற்று தன் வழியிலேயே போனது. பிறகு தடுமாறியது. நின்றது. அவர் என் குச்சியைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார், பிறகு கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

“பரவாயில்லீங்கண்ணா” என்றேன். “சில நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.”

“மன்னிச்சுக்கம்மா. உன் தட்டையும் கெடுத்துப்போட்டேன்” என்றார்.

சாதத்தை ஊட்டிவிட்டு வாய் துடைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் கொர்னேலியஸ் அண்ணனிடம், “எல்லாத்தையும் சொல்லிப்பார்த்தேனுங்கண்ணா, அவருக்கு ஏறலை. வியாதி நெசந்தான் போல” என்றேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்து என் மேசையிலேயே வைத்துவிட்டு, “அப்ப விடு, இனி ஜெனிஸை எதுக்கு நோகடிக்கறது” என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது என்று நான் சொன்னால் புரளி என்பீர்கள்.

ஜனங்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். பொன்ராஜ் ஒருதரம் போய்ப் பார்த்தான், கொர்னேலியஸ் அண்ணன் போகவே இல்லை, இப்போது ஜெனிஸும் மாதம் இரண்டு முறைதான். அடுத்த ஞாயிறும் நான் போவேன், குச்சியோடுதான். நானும் போகாவிட்டால், தான் சரியாக இருக்கிறோமா தப்பாக இருக்கிறோமா என்று அந்த மனிதர் யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்?